இலவசமும் விடுதலையும்

வீட்டுக் கணினியிலே எந்தப் பணிசெயல் முறைமை இயங்க வேண்டும் என்ற வினா, இலக்கிய ஏடொன்றில் விமரிசனத்துக்குரிய பொருளாகுமா என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். அச்சுயந்திரம் யாருடைய கையில் இருந்தது என்பதை அறியாமல் நமது உரைநடையின் வளர்ச்சியை விளக்கிவிட முடியாது என்பதை நாம் ஏற்றுக்கொண்டிருக்கின்றோம். அங்ஙனமாயின், இன்று நமது எழுத்தும் வாசிப்பும் பிள்ளைகளின் கல்வியும் விளையாட்டும் எந்த யந்திரத்தின் வழியாக நடைபெறுகின்றனவோ, அந்த யந்திரத்தின்மீது உரிமை யாருக்கு என்பதை மட்டும் தொழில்நுட்பம் அறிந்தோரின் தனிப் பிரச்சினையென்று ஒதுக்கிவிடுவது முறையாகாது.

இவ்வினாவை நம்முன் கொணர்ந்து நிறுத்தியது மைக்ரோசொப்ட் நிறுவனமேயாகும். 2015 இல் வெளிவந்த விண்டோஸ் 10 க்கு வழங்கிவந்த பாதுகாப்புத் திருத்தங்களை அந்நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் பொதுவாக நிறுத்திக்கொண்டது. பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பாவனையாளருக்கு மேலும் ஓராண்டுத் தவணை அறிவிக்கப்பட்டது, அவ்வளவே. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புக் கூறையும், இன்டெல் செயலியாயின் எட்டாந் தலைமுறையை ஒட்டியோ அதற்குப் பின்னரோ வந்ததையும் வேண்டி நிற்கின்றது. ஆகவே 2017 க்கு முற்பட்ட கணினிகளுட் பெரும்பாலானவை, எவ்வித பழுதுமின்றி இயங்கிக்கொண்டிருக்கும் நிலையிலேயே, காலாவதியானவை என்று தீர்ப்பளிக்கப்பட்டுள்ளன.

இத்தீர்ப்பின் பொருளைக் கண்டியிலிருந்து பார்த்தல் வேண்டும். நகரிலும் கம்பளை, புசல்லாவை முதலிய அயலூர்களிலும் ஆசிரியர், எழுதுவினைஞர், தோட்டத்து உத்தியோகத்தர் ஆகியோரின் வீடுகளிலே காணப்படும் கணினிகளிற் பல, முன்பு யாரோ பாவித்துக் கைமாறியவை. 2022 இன் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த நாணய மாற்று, சில மாதங்களுக்குள் 360 ரூபாவை எட்டியதை நாம் மறந்துவிடவில்லை. அதன்பின் புதிய கணினி என்பது சாதாரண ஆசிரியர் ஒருவருக்குப் பல மாதச் சம்பளமாகிவிட்டது. நல்ல நிலையிலுள்ள பொருளைத் தூக்கியெறிந்து புதியதை வாங்கு என்று தூரதேசத்து நிறுவனம் ஒன்று கூறும்போது, அது தொழில்நுட்ப ஆலோசனை மாத்திரமன்று. நமது உழைப்பின்மீது விதிக்கப்படும் ஒருவகை வரியுமாகும்.

என் வீட்டுக் கணினியும் ஆறாந் தலைமுறைச் செயலியைக் கொண்டதே. சென்ற ஆண்டின் இறுதியில் அதில் லினக்ஸ் மின்ட் என்னும் முறைமையை நிறுவினேன். நிறுவுவதற்கு முன்னரே, பென் டிரைவ் ஒன்றிலிருந்து அதனை இயக்கிப் பரீட்சித்துப் பார்க்க முடிந்தது. பழைய முறைமை அதனாற் பாதிக்கப்படவில்லை. இணையம், மின்னஞ்சல், காணொலிப் பாடம், கடிதம், கணக்கு, அச்சிடல் ஆகிய அன்றாடக் கருமங்கள் யாவும் தடையின்றி நடைபெறுகின்றன. இம்மட்டிற் கட்டுரையை முடித்துவிட்டால், அது ஒரு பொருளின் நற்சான்றிதழாகவே அமையும். நமது நோக்கம் அதுவன்று.

லினக்ஸைப் பரிந்துரைப்போர் பெரும்பாலும் முதலிற் கூறுவது அது இலவசம் என்பதாகும். நமது நாட்டின் யதார்த்தத்தில் இவ்வாதம் மிகவும் பலவீனமானது. விண்டோஸும் இங்கு நடைமுறையில் இலவசமே. கணினி திருத்தும் கடையிலே சில நூறு ரூபா கொடுத்தால், அனுமதிப்பத்திரமற்ற பிரதியொன்றை யாரும் நிறுவிக் கொடுப்பர். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களுக்கும் பாதுகாப்பளிக்கின்றது என்பது உண்மையே; ஆயினும் சட்டம் ஒரு வழியிலும் வாழ்க்கை மறு வழியிலும் செல்கின்றன. இந்நிலைமை ஏகபோகத்துக்கு ஊறு விளைவிக்கின்றது என்று சிலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது ஏகபோகத்தை உறுதிப்படுத்துகின்றது. விலை கொடாமலே ஒரு தலைமுறை முழுவதும் ஒரே நிறுவனத்தின் பழக்கவழக்கத்திற் பயிற்றப்படுகின்றது. அப்பழக்கம் வேரூன்றிய பின்னர் அரசும் பாடசாலையும் அலுவலகமும் அதற்கு விலை கொடுக்கின்றன.

ஆகவே வேறுபாடு விலையில் இல்லை. அது உரிமையில் உள்ளது. 1983 இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்க நிரலாளர், யாரும் பயன்படுத்தவும், உட்புகுந்து ஆராய்ந்து மாற்றவும், பிறருக்குப் பிரதி வழங்கவும், தாம் திருத்தியதைப் பரப்பவும் உரிமையளிக்கும் முறைமை ஒன்றை உருவாக்கப்போவதாக அறிவித்தார். அவ்வுரிமைகளைச் சட்ட வடிவிற் காக்கும் பொது உரிமம் 1989 இல் வெளிவந்தது. 1991 இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் கருவை வெளியிட்டு, மறு ஆண்டில் அதனை அவ்வுரிமத்தின் கீழ்க் கொணர்ந்தார். திருத்தியவன் தனது திருத்தத்துடன் அதனை வெளியிடும்போது, தான் பெற்ற உரிமைகளையே பிறருக்கும் கொடுத்தாக வேண்டும் என்பதே அவ்வுரிமத்தின் சாரம். பொதுவில் விளைந்ததைத் தனிச்சொத்தாக்க விடாத ஏற்பாடு இது.

ஆங்கிலத்தில் இலவசத்தையும் விடுதலையையும் ஒரே சொல்லாற் குறிப்பதால் இவ்வியக்கத்தினர் ஓயாது விளக்கம் கூற வேண்டியிருக்கின்றது. தமிழிலே அவ்விடர்ப்பாடு இல்லை. ‘கட்டற்ற மென்பொருள்’ என்ற நல்ல தொடர் நம்மிடம் உண்டு. மொழி தெளிவாக இருந்தும், நாம் அதனை இலவசப் பொருளாகவே பெற்றுக்கொள்கின்றோம் என்பதுதான் குறைபாடு.

நமது ஆசிரியர்களின் அனுபவத்திலிருந்தே ஓர் உதாரணம் கூறலாம். இந்நாட்டுத் தமிழ்ப் பாடசாலைகளின் வினாத்தாள்கள் நீண்ட காலமாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சாகி வந்துள்ளன. கணினியை மாற்றியதும் எனக்கு ஏற்பட்ட மிகப் பெரிய இடர் இதுவே. பழைய வினாத்தாள்களைத் திறந்தபோது, எழுத்துரு இல்லாமையால் திரை முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே தோன்றின. எழுத்துருவை நிறுவியதும் தமிழ் திரும்பி வந்தது. அட்டவணைகள் சில இடங்களிற் கலைந்திருந்ததால் அவற்றைச் சரிசெய்ய நேர்ந்தது. இதனை லினக்ஸின் குறையென்று கூறுதல் எளிது. ஆனால் அந்த வினாத்தாள்கள் உண்மையில் ஒருபோதும் தமிழில் எழுதப்பட்டிருக்கவில்லை என்பதையே அந்தத் திரை காட்டியது. ஆங்கில எழுத்துக்களுக்குத் தமிழ் வேடம் புனைந்து, ஓர் எழுத்துருவின் தயவில் நாம் வாழ்ந்து வந்திருக்கின்றோம். அவற்றுள் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேட முடியாது; இணையத்திற் பகிர்ந்தால் எழுத்துரு இல்லாதவருக்கு வாசிக்கவும் முடியாது. யூனிகோட் நியமத்தில் எழுதியவனுக்கோ எந்த முறைமைக்கு மாறினாலும் எழுத்து அழிவதில்லை. கணினியை மாற்றுவதற்கு முன் எழுத்தை மாற்றுக என்பதே ஆசிரிய நண்பர்களுக்கு நான் கூறக்கூடிய முதல் ஆலோசனை.

இதன் மறுபக்கத்தையும் நாம் அறிவோம். 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்திலேதான் நம்மிற் பலர் டொமினிக் ஜீவாவின் ‘மல்லிகை’யின் பழைய இதழ்களை இன்று வாசிக்கின்றோம். அந்நூலகத்தின் இணையத்தளம் மீடியாவிக்கி என்னும் கட்டற்ற மென்பொருளின்மீது நிற்கின்றது. முற்போக்கு இலக்கியத்தின் நினைவு எந்த நிறுவனத்தினதும் அனுமதிக்குக் காத்திராமல் வாழ்வதற்கு அதுவும் ஒரு காரணமாகும்.

இனி விளையாட்டு. இதனைப் பேசாது விடுவது போலியான கௌரவமாகும். வீட்டுக் கணினியை எந்த முறைமை ஆளும் என்பதைப் பல வீடுகளிலே தீர்மானிப்பவர் பிள்ளைகளே. எங்கள் வீட்டிலும் மருமகனின் முதற் கேள்வி, “மாமா, கேம் ஓடுமா?” என்பதாகவே இருந்தது. பதில் முன்போல் நம்பிக்கையற்றதன்று. விண்டோஸுக்கென எழுதப்பட்ட நிரல்களை லினக்ஸில் இயக்கும் வைன் என்ற முயற்சி 1993 இல் தொடங்கியது. அதனை அடித்தளமாகக் கொண்டு வால்வ் நிறுவனம் 2018 இல் புரோட்டான் என்பதை வெளியிட்டது. 2022 இல் லினக்ஸில் இயங்கும் கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்றையும் விற்பனைக்குக் கொணர்ந்தது. இதன் பயனாக, அந்நிறுவனத்தின் ஸ்டீம் விற்பனைத் தளத்திலுள்ள விளையாட்டுக்களுள் மிகப் பல இன்று லினக்ஸிலும் ஓடுகின்றன.

ஆயினும் இவ்வெற்றியின் எல்லையைக் காணத் தவறலாகாது. வெலோரன்ட், போர்ட்நைட் போன்ற இணையவழி ஆட்டங்கள் லினக்ஸில் ஓடுவதில்லை. மோசடியைத் தடுப்பதற்கென அவை வேண்டும் கண்காணிப்பு நிரல்களை அவற்றின் உரிமையாளர் லினக்ஸுக்கு அனுமதிப்பதில்லை. கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ 5 இன் இணையவழி ஆட்டம் முன்னர் ஓடியது. 2024 செப்டெம்பரில் அத்தகைய நிரலொன்று புகுத்தப்பட்டதும் அவ்வழி அடைபட்டது. அன்றியும் ஸ்டீமிலே நமக்கு விலை டொலரில் குறிக்கப்படுகின்றது. வங்கி அட்டையில்லாத குடும்பத்துப் பிள்ளைக்கு அது எட்டாக் கனி. அடித்தளத்திலே பொது உடைமை, மேல்தளத்திலே பூட்டிய கடை என்ற இம்முரண்பாடு லினக்ஸ் விளையாட்டின் உட்பொருளாக இருக்கின்றது. வால்வ் நிறுவனம் லினக்ஸை ஆதரிப்பது தனது விற்பனைத் தளம் மைக்ரோசொப்டின் தயவில் நிற்கக்கூடாது என்பதற்காகவே; நமது விடுதலைக்காகவன்று. அதனால் விளையும் நன்மையை ஏற்போம். அதனைத் தருமமென்று மயங்க வேண்டியதில்லை. பலநாட்டுத் தொண்டர்கள் கூட்டாக உருவாக்கிய சூப்பர்டக்ஸ்கார்ட், வெஸ்நோத் போன்ற கட்டற்ற விளையாட்டுக்களையும் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தலாம். மருமகன் அவற்றுள் முதலாவதை விரும்பி ஆடுகின்றான்; இழந்துபோன இணையவழி ஆட்டத்தை நினைத்து இடையிடையே முணுமுணுக்கவும் செய்கின்றான். அவனுடைய முணுமுணுப்பு நியாயமற்றதென்று நான் சொல்லமாட்டேன்.

தனியொரு வீட்டின் மாற்றம் சமுதாயத்தின் மாற்றமாகிவிடாது என்பதற்குக் கண்டிக்கு மிக அண்மையிலேயே சான்றுண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு மேலே நிற்கும் ஹந்தானை மலையின் பெயரைத் தாங்கி, ‘ஹந்தான லினக்ஸ்’ என்ற முறைமை 2009 இல் வெளிவந்தது. தனிஷ்க நவின் முன்னின்று, பெடோரா என்னும் லினக்ஸ் வகையை ஆதாரமாகக் கொண்டு உருவாக்கிய அது, சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளையும் மனங்கொண்டது. மொழிப் பிரச்சினையால் இரத்தஞ் சிந்திய ஒரு நாட்டிலே, போர் முடிந்த ஆண்டில், மும்மொழிக்கும் ஒரு முறைமையில் இடமளிக்க எண்ணியது சிறிய காரியமன்று. ஆற்றல் நம்மிடம் இல்லையென்றும் யாரும் கூற முடியாது. 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையின் பின் இந்நாட்டு நிரலாளர் எழுதிய ‘சகன’ என்னும் கட்டற்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருள் பிற நாடுகளுக்கும் பயன்பட்டது. எனினும் ஹந்தான லினக்ஸ் நமது பாடசாலைகளின் பொது வழக்காகவில்லை. அம்மலையின் தோட்டத்து லயன்களிலே வாழும் பிள்ளைகளுள், தமது மலையின் பெயரால் ஒரு முறைமை உண்டென்பதை அறிந்தவர் எத்தனை பேர்?

கேரளத்தின் வரலாறு வேறாக அமைந்தது. அங்கு 2001 இல் தொடங்கிய பாடசாலைத் தகவல் தொழில்நுட்பத் திட்டம், பின்னர் கட்டற்ற மென்பொருளைத் தனது வழியாகக் கொண்டது. ஆசிரியர்களே பயிற்றுநராயினர், பாடத்திட்டத்துக்கேற்ப முறைமையைத் திருத்தியமைப்பதிலும் பங்குகொண்டனர். 2019 இல் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பாடசாலைக் கணினிகளுக்கு அத்தகைய புதிய பதிப்பை வழங்குவதாகவும், இதனால் 3,000 கோடி இந்திய ரூபா மீதமாகுமென்றும் அத்திட்டத்தை நடத்தும் கைட் என்ற அரசு நிறுவனம் அறிவித்தது. நமக்குப் பாடமாவது அப்பணக் கணக்கன்று. ஆசிரியர் வெறும் பாவனையாளராக நில்லாமல் ஆக்குநராகவும் ஆயினர் என்பதே.

நாம் ஆக்குநராகாததன் விளைவை லினக்ஸின் தமிழிலேயே காணலாம். தமிழைத் தெரிவு செய்தால், பட்டியலிற் பாதி தமிழிலும் மீதி ஆங்கிலத்திலும் தோன்றும் இடங்கள் உள. தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் வாழும் சிலர் ஊதியமின்றி மொழிபெயர்த்ததால் அவ்வளவாவது கிடைத்தது; அவர்களைக் குறை கூறுவது நன்றிகொன்ற செயலாகும். ஆனால் சொற்களைப் பாருங்கள். கோவைகளை அடுக்கி வைக்கும் இடத்துக்கு ‘அடைவு’ என்ற சொல் வழங்குகின்றது. நமது பாடசாலைகளிலே அடைவு என்பது மாணவன் எய்திய தேர்ச்சியைக் குறிக்கும். அச்சொல்லைக் காணும் புசல்லாவை மாணவன் தனது புள்ளிகளைத் தேடினால் அது அவன் பிழையன்று. நமது அலுவலகங்கள் ‘கோவை’ என்பதைத் தமிழ்நாடு ‘கோப்பு’ என்கின்றது. நமது பாடநூல் ‘பணிசெயல் முறைமை’ என்பதை அங்கு ‘இயங்குதளம்’ என்கின்றனர். இவற்றுள் எது தூய தமிழ் என்ற வழக்கு வீண் வழக்கு. மக்களின் வழக்கு எழுத்தில் இடம்பெற வேண்டுமென்று ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் நமது முற்போக்கு எழுத்தாளர் வாதாடி வென்றனர். கணினியின் மொழி என்று வந்தபோது அவ்வாதத்தைத் தொடர நாம் முன்வரவில்லை.

பூட்டிய மென்பொருளில் ஒரு சொல் பிழையாயின், அதனை நாமே மாற்றுவதற்கு உரிமையில்லை; விண்ணப்பித்துக் காத்திருக்கலாம். லினக்ஸிலே மாற்றும் உரிமை நம்முடையது. அவ்வுரிமையைப் பயன்படுத்தாதவனுக்கு லினக்ஸும் இன்னோர் இலவசப் பொருளே. அவன் ஒரு கடையை விட்டு மறு கடைக்குச் சென்றவனேயாவான்.

எனவே பழைய கணினியைத் தூக்கியெறிய நினைக்கும் ஆசிரிய நண்பர்கள் அதில் லினக்ஸை நிறுவட்டும். வினாத்தாளை யூனிகோடில் எழுதட்டும். பிள்ளைகள் விளையாடட்டும்; எந்த ஆட்டம் ஏன் ஓடவில்லை என்பதை அவர்களுக்கு ஒளிக்காமல் விளக்கட்டும். பல்கலைக்கழகத்துத் தமிழ் மாணவர் தமது விடுமுறையிற் சில நாட்களை மொழிபெயர்ப்புக்கென ஒதுக்கட்டும். தமிழ் கற்றவரும் நிரல் கற்றவரும் ஒரு மேசையில் அமர்ந்து, நமது பிள்ளைக்கு விளங்கும் ஒரு சொல்லையேனும் ஒவ்வொரு தடவையும் சேர்ப்பாராயின், இலவசமாகப் பெற்றதை விடுதலையாக மாற்றும் பணி தொடங்கிவிட்டதென்று நாம் துணிந்து கூறலாம்.