கரு தேடி அலைவோர்க்கு

எழுதத் துடிக்கிறது நெஞ்சம், தாள் இருக்கிறது, எழுதுகோல் இருக்கிறது, கருதான் கிடைக்கவில்லை — இப்படிக் கூறிப் பெருமூச்சு விடும் இளைஞர் பலரை நாம் அறிவோம். ஒருவர் நூலாலையில் அறுந்த நூலை இணைப்பவர். ஒருவர் மளிகைக் கடையில் கணக்கு எழுதுபவர். இன்னொருவர் பேருந்தில் பயணச்சீட்டுக் கொடுப்பவர். "எங்கள் வாழ்வில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது? காலையில் வேலை, மாலையில் களைப்பு, அவ்வளவுதானே!" என்கிறார்கள். மலைமுகட்டில் ஏறினால் கவிதை பிறக்கும், கடலோரத்தில் அமர்ந்தால் கற்பனை ஊறும் என்று நம்புகிறார்கள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலையும் கதையன்றோ இது!

குற்றம் அவர்களுடையதன்று. கவிதை மேலிருந்து இறங்கி வரும் வரம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். காளமேகத்தின் கதையை அறியாதவர் யார்? பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தப் புலவர், திருவரங்கத்து மடைப்பள்ளியில் சமையல் வேலை பார்த்தவராம். திருவானைக்காவில் ஓர் இரவு, அம்மை தன் தாம்பூலத்தை அவர் வாயில் உமிழ்ந்தாளாம். அந்த நொடியிலிருந்து அவர் ஆசுகவி ஆனாராம்!

அவர் பெயரால் வழங்கும் தனிப்பாடல்களைப் புரட்டிப் பாருங்கள். ஒரு பாட்டில் வெங்காயமும் சுக்கும் வெந்தயமும் சீரகமும் பெருங்காயமும் வரிசையாக வந்து நின்று, உடம்பின் நிலையாமையைப் பேசுகின்றன. இன்னொன்று, தண்ணீரே மிகுந்த மோரை விற்ற பெண்ணை எள்ளி நகையாடுகிறது. மற்றொன்று, பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே சொற்களில் கட்டிப் போடுகிறது. இவை எந்த விண்ணுலகிலிருந்து வந்த பொருள்கள்? அஞ்சறைப் பெட்டியிலிருந்து வந்தவை, மோர்ப் பானையிலிருந்து வந்தவை, தோட்டத்திலிருந்து வந்தவை. அவர் சமையற்காரர் என்பதைக் கதையே ஒப்புக்கொள்கிறது. ஆனால் பாட்டின் பெருமையை மட்டும் தாம்பூலத்துக்குத் தந்துவிடுகிறது! அடுப்படியில் நின்றவன் கண்ணால் கண்டதை, காதால் கேட்டதை, நாவால் சுவைத்ததை அவனுடையது அன்று என்று கூறிவிடுகிறது. உழைப்பவனின் கூலியைப் பறிப்பது ஒரு கொடுமை; அவன் அறிவையும் பறித்து வேறொருவர் கணக்கில் எழுதுவது அதனினும் கொடுமை.

சங்கப் புலவர் பெயர்களைப் பாருங்கள். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் — அறுவை என்றால் துணி, துணி விற்றவர். உறையூர் மருத்துவன் தாமோதரனார் — நோய் தீர்த்தவர். தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் — பொன்னை உருக்கியவர். மணிமேகலை தந்த சாத்தனாருக்கும் கூலவாணிகன் என்ற பெயர் உண்டு. கூலம் என்றால் தானியம். வெண்ணிக் குயத்தியாரின் பெயர் மண்பாண்டத் தொழிலைச் சுட்டுகிறது. வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனின் முகத்துக்கு நேரே, முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்த எதிரியே உன்னினும் நல்லவன் என்று பாடிய அம்மையார் அவர். தொழிலைப் பெயரிலிருந்து அழித்துவிட்டு வந்தால்தான் புலவர் என்போம் என்று அந்நாளில் எவரும் கேட்கவில்லை.

பெயரில் மட்டுமா? பாட்டுக்குள்ளும் அன்றாட வாழ்வே நிற்கிறது. குறுந்தொகையில் கூடலூர் கிழார் காட்டுவது ஒரு சமையற்கட்டு. புதுமணப்பெண் கட்டித் தயிரைப் பிசைகிறாள். அந்த விரல்களை உடுத்திய ஆடையில் துடைத்துக்கொள்கிறாள். தாளிப்புப் புகை கண்ணில் படிகிறது. கணவன் உண்டு, இனிது என்கிறான். அவள் முகம் நுண்ணிதாக மலர்கிறது. அவ்வளவுதான் பாட்டு! நற்றிணையில் ஒருவன் பொருளீட்டப் பிரிந்து போகிறான். திரும்பு என்கிறது நெஞ்சம். வேலையை முடி என்கிறது அறிவு. இரண்டு யானைகள் பற்றி இழுக்கும் தேய்ந்த பழங்கயிறுபோல் அறுந்துவிடுமோ என் உடம்பு என்று கலங்குகிறான். பாடியவரின் இயற்பெயர் மறைந்துவிட்டது; அந்தக் கயிறே அவருக்குப் பெயராகி, தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று நிலைத்துவிட்டது. புறநானூற்றில், பெயர் தெரியாத ஒரு புலவர் படைத்த பெண்ணொருத்தி, கணவனை இழந்து குயவனிடம் பேசுகிறாள். வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலை ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகச் செல்லும் சிறு பல்லிபோல் அவனோடு வழிநெடுக வந்தவள் நான். அவனுக்கு வனையும் தாழியை எனக்கும் இடம் இருக்கும்படி அகலமாக வனைந்து கொடு என்கிறாள். வண்டியில் பல்லியைக் கண்டவர் ஆயிரம் பேர் இருந்திருப்பர். அதில் ஒரு பெண்ணின் வாழ்வைக் கண்டவர் ஒருவர்.

இங்கே ஓர் அளவுகோலை முன்வைக்கிறோம். உழைப்பைப் பற்றி எழுதியதாகக் கூறும் எந்தப் படைப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து தொழிலை நீக்கிவிடுங்கள். கதை நிற்கிறதா? நின்றால், தொழில் அங்கே வெறும் ஒப்பனை. விழுந்தால், தொழிலே அதன் உயிர். சக்கரத்தை நீக்குங்கள், அந்தப் பெண்ணின் துயரம் மொழியிழந்து போகும். தயிரை நீக்குங்கள், அந்த முகம் மலராது. ஆனால் நாம் காணும் கதைகளிலும் திரைப்படங்களிலும் எத்தனை தலைவர்கள் பெயரளவில் மூட்டை தூக்குகிறார்கள்! முதுகில் தழும்பு இல்லை. கூலிக் கணக்கு இல்லை. மேற்பார்வையாளனின் ஏச்சு இல்லை. அந்த மூட்டையை இறக்கிவைத்தாலும் கதை அப்படியே ஓடும்.

அண்மைக்கால நாவல்கள் இரண்டை இந்த அளவுகோலால் அளந்து பார்ப்போம். 1994இல் வெளிவந்த இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' கடும் விவாதத்தைக் கிளப்பிய நாவல். ஒடுக்கப்பட்ட மக்களுக்கே துணி வெளுக்கும் ஆரோக்கியம் என்ற பெண்ணின் கதை அது. பொழுது சாய்ந்ததும் வீடு வீடாகச் சென்று சோறு பெறுகிறாளே, அந்தச் சோற்றின் அளவில் ஊரின் மதிப்பு ஏறுவதும் இறங்குவதும் தெரிகிறது. வெளுப்புத் தொழிலை நீக்கினால் அந்த நாவலில் ஓர் ஏடும் மிஞ்சாது. நம் அளவுகோலில் அது முழுமையாக நிற்கிறது.

அப்படியானால் அந்தத் தொழிலுக்கு அருகில் வாழ்ந்தவர்தாம் எழுத வேண்டுமா? இல்லை என்கிறார் ராஜம் கிருஷ்ணன். உப்பளத்தில் பிறந்தவர் அல்லர் அவர். தூத்துக்குடி உப்பளங்களுக்குச் சென்று, உழைப்பவர்களோடு பழகி, கேட்டறிந்து, 1979இல் 'கரிப்பு மணிகள்' நாவலைத் தந்தார். வெண்மையில் தெறிக்கும் வெயில் கண்ணைக் கெடுப்பதும், உப்பு நீர் காலை அரிப்பதும், தாகத்துக்கு நல்ல நீர் அரிதாவதும் அங்கே காட்சிக்காக வரவில்லை. மாந்தரின் வாழ்வை அவையே திருப்புகின்றன. குறையும் சொல்லத்தான் வேண்டும்: சில இடங்களில் திரட்டிய செய்தி முன்னே நடக்க, கதை பின்னே வருகிறது. தொழிலை அறியாமல் எழுதுவது ஒரு பிழை. அறிந்ததையெல்லாம் கொட்டிவிடுவது இன்னொரு பிழை. ஆயினும் பிறர் உழைப்பை எழுத விரும்புவோர் அதற்கென உழைத்தே தீர வேண்டும் என்ற நேர்மையை அந்த நாவல் நமக்குக் கற்பிக்கிறது.

இனி, நூலாலைத் தோழரிடம் நாம் மறைக்கக் கூடாத ஓர் உண்மை உண்டு. உங்களுக்குக் கரு இல்லை என்பது பொய். இல்லாதது நேரம்! பத்து மணி நேரம் நின்ற கால்களோடு வீடு திரும்புபவர் எப்போது எழுதுவார்? எட்டு மணி நேரம் உழைப்பு, எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் நம் விருப்பம் என்பது உலகத் தொழிலாளர் எழுப்பிய பழைய குரல். 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடியபோது இந்த மண்ணிலும் அந்த நாளுக்கு வேர் விட்டது. அந்தக் கோரிக்கையைக் கூலிக் கணக்காக மட்டும் பார்த்தவர் பலர். இலக்கியம் பிறப்பது அந்த மூன்றாவது எட்டு மணி நேரத்தில் அன்றோ! அதைப் பறித்துக்கொண்ட பிறகு, உழைப்பாளிக்குக் கற்பனை இல்லை என்று கூறும் திறனாய்வை நாம் ஏற்பதற்கில்லை.

ஆகவே தோழர்களே, மலைமுகடு காத்திருக்கட்டும். நாளைக் காலை வேலைக்குச் செல்லும்போது கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு செல்லுங்கள். நூல் அறும்போது முதலில் அதை உணர்வது கண்ணா, விரலா? கடன் கேட்க வந்தவர் மளிகைக் கடைக்குள் எந்தப் பக்கமாக நுழைகிறார்? பயணச்சீட்டுக்குக் காசு குறைந்த முதியவள் முதலில் யாருடைய முகத்தைப் பார்க்கிறாள்? இரவில் ஒரு பக்கம் போதும், எழுதி வையுங்கள். அந்தத் தொழிலின் சொற்களை அப்படியே எழுதுங்கள். அவை இலக்கியச் சொற்கள் அல்ல என்று எவரேனும் சொன்னால், கயிற்றின் பெயரால் வாழும் புலவரை அவருக்கு நினைவூட்டுங்கள். அந்த ஒரு பக்கத்துக்கு வேண்டிய நேரத்தைத் தர மறுப்பவரோடு வாதாடுங்கள். அதுவும் எழுத்துப் பணியே.