துணைக்கு ஓர் ஆள் இருந்தால் போதுமா?

நுரையீரல் புற்றுநோய் தொடக்கத்திலேயே பிடிபட்டால் அறுவைச் சிகிச்சையில் குணமாக நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் அமெரிக்காவில் அந்தக் கட்டத்திலிருந்த வெள்ளையரில் 66 சதவீதம் பேருக்கு அறுவை நடந்தது, கறுப்பினத்தவரில் 55 சதவீதம் பேருக்குத்தான் நடந்தது என்று 2010இல் 'ஜாமா' மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. மருத்துவமும் மருத்துவரும் இருந்தும் நோயாளி நடுவழியிலேயே நின்றுபோகிறார்.

இதற்கு வழி காட்டியவர் ஹாரல்ட் ஃபிரீமன். நியூயார்க்கின் ஹார்லெம் மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த அவர், 1990இல் ஏழை நோயாளிகளுக்குத் துணைநிற்கும் வழிகாட்டிகளை அமர்த்தினார். அங்கே மார்பகப் புற்றுநோயாளிகள் ஐந்தாண்டு உயிர்வாழும் விகிதம் 39 சதவீதத்திலிருந்து 70க்கு ஏறியது. அந்தப் பெருமையில் பாதி, அங்கே கூடவே நடந்த இலவசப் பரிசோதனைக்குச் சேர வேண்டியது. பலர் அதை மறந்துவிடுகிறார்கள். ஹார்லெமைப் பார்த்தவர்கள் ஆளை நியமித்தால் போதும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவிலும் பிட்ஸ்பர்க்கிலும் நடந்த 'அக்யூர்' ஆய்வு அங்கே நிற்கவில்லை. நோயாளி ஒரு தேதிக்கு வரவில்லை, அல்லது குறித்த நாளுக்குள் அடுத்த சிகிச்சை தொடங்கவில்லை என்றால் கணினி உடனே எச்சரிக்கும். வழிகாட்டியான செவிலியர் போன் போட்டு விசாரிப்பார். வண்டி இல்லை, லீவு போட்டால் கூலி போய்விடும், பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். மார்பைத் திறந்தால் காற்றுப் பட்டுப் புற்று பரவும் என்ற பயமும் அங்கே பரவலாக உண்டு. ('கத்தி வச்சா பரவிடும்' என்று நம் ஊரிலும் சொல்வார்களே, அதேதான்.) கூடவே, யாருக்குச் சிகிச்சை முடிந்தது, யாருக்கு முடியவில்லை என்ற கணக்கு இனவாரியாக மருத்துவர்கள் முன்னால் வைக்கப்பட்டது.

என்னைக் கேட்டால், இந்தக் கணக்குதான் முக்கியம். தாம் பாகுபாடு காட்டுவதாக எந்த மருத்துவரும் நினைப்பதில்லை. சொந்த வார்டின் எண்ணைப் பார்த்தபின் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. முன்பு, மார்பக, நுரையீரல் புற்றுநோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தால், சிகிச்சையை முடித்தவர்கள் வெள்ளையரில் 87.3 சதவீதம், கறுப்பினத்தவரில் 79.8. ஏற்பாடு வந்தபின் 89.5, 88.4. வெள்ளையருக்கும் நட்டமில்லை.

குறைகளும் சின்னவை அல்ல. ஒப்பீடு பழைய நோயாளிகளோடு செய்யப்பட்டது. குலுக்கல் முறையில் பிரித்ததல்ல. ஆய்வில் சேரச் சம்மதித்தவர்கள் இயல்பிலேயே கொஞ்சம் விடாப்பிடியானவர்களாகவும் இருந்திருக்கலாம். பணமும் சிக்கல்தான். இத்தகைய வழிகாட்டிகள் நெடுங்காலம் நன்கொடையையும் ஆய்வு நிதியையும் நம்பியே இருந்தார்கள். நிதி தீர்ந்தால் ஆளும் போய்விடுவார். அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு இந்தச் சேவைக்கென்று தனியாகக் கட்டணம் தரத் தொடங்கியதே 2024இல்தான்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய குறை, எச்சரிக்கை ஓடத் தொடங்கும் இடம். நோய் உறுதியாகி, அதுவும் தொடக்க நிலை என்று தெரிந்தவர்களே அந்தக் கணினிக்குள் வருகிறார்கள். நுரையீரல் புற்றுநோயிலோ பெரும்பாலோர் முற்றிய பிறகுதான் வந்து சேர்கிறார்கள். அதற்கு முன் இருமல் மருந்திலும், இந்தியாவில் என்றால் காசநோய் மாத்திரையிலும், மாதங்கள் கழிந்துவிடுகின்றன. எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்த அன்றே பெயர் பட்டியலில் ஏறாதவரை, நுரையீரல் புற்றுநோயைப் பொறுத்தமட்டில் இது பாதி ஏற்பாடுதான்.