தரையறியும் பாதங்கள்

1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக் மாரத்தானில், கல் பாவிய பழைய ஆப்பியன் சாலை வழியாகவும் காலணியின்றி ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 நொடியில் தங்கம் வென்ற எத்தியோப்பியர் அபெபே பிகிலாவை வியப்போர், அந்தப் பாதங்களின் நெடுநாள் பழக்கத்தையும் சேர்த்தே போற்ற வேண்டும். கடினத் தரையில் வெறுங்காலுடன் ஓடிப் பழகியோருள் பலர், குதிகாலுக்கு முன்பாக, விரல்களை அடுத்துள்ள சதைப்பற்றான முன்பாதத்தை ஊன்றி, முழங்காலைச் சற்றே மடக்கி, எட்டுகளைக் குறுக்கிக்கொள்வதால், தரை உடலைத் திருப்பித் தாக்கும் விசையாகிய மோதல் அதிர்ச்சி தணிகிறது. ஆனால், கெண்டைக்காலைக் குதியெலும்போடு பிணைக்கும் தடித்த குதிநாணின் மீது சுமை கூடுகிறது. பார்வைக்கு மென்மையான உலர்மணலோ, கால் புதைவதால், கெண்டைக்கால் தசைகளை மேலும் களைப்படையச் செய்கிறது. அலை நனைத்து இறுகிய மணல் அத்துணை வருத்துவதில்லை. உள்ளங்கால் தோல் தடித்த பின்னரும் தரையை உணரும் நுட்பம் குன்றாதிருப்பது பெருவியப்பு. தோலைவிடத் தசைநாண் மெதுவாகவே பழகுமாதலால், புதியவர்கள் குறுகிய தூரத்திலேயே தொடங்குக.