யாருடைய நேரம் வெட்டப்படுகிறது?

சினிமா காலத்தைப் பிடித்து வைக்கிறது என்கிறார்கள். சரி, யாருடைய காலத்தை? இதைக் கேட்காமல் தொழில்நுட்பத்தைப் பேசுவது வெறும் வேடிக்கை பார்க்கிற வேலை.

1895இல் லூமியேர் சகோதரர்கள் எடுத்த, ஆலையை விட்டுத் தொழிலாளர்கள் வெளியேறும் படத்தையே எடுத்துக்கொள்வோம். பிரான்சின் லியோன் நகரம். கதவு திறக்குது, பெண்களும் ஆண்களும் திபுதிபுன்னு வெளியே வர்றாங்க. சுமார் 50 விநாடியில் படம் முடிந்துவிடுகிறது. ஏன்னா சுருளின் நீளம் 17 மீட்டர்தான். ஜனங்க நடக்கிற நேரத்துக்குச் சுருள் நீளவில்லை. சுருளுக்குள் ஜனங்க நடந்து முடிக்கணும். கேமராவும் ஆலையும் ஒரே முதலாளிக் குடும்பத்துக்குச் சொந்தம். இதே காட்சியை மூன்று தடவை எடுத்திருக்கிறார்கள். வேலை முடிஞ்சு போறதையும் முதலாளிக்காக மறுபடி நடந்து காட்டணும்.

கதவுக்கு உள்ளே கழிந்த மணிக்கணக்கான நேரம் படத்தில் இல்லை. அன்றைய சுருளுக்கு வெயில் வேணும், உள்ளே வெளிச்சம் பத்தாது என்பது உண்மைதான். ஆனால் விளக்கு வந்த பிறகு உள்ளே போன கேமரா என்ன செய்தது? அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத் 1912 முதல் தொழிலாளியின் பக்கத்தில் கடிகாரத்தை வைத்துப் படமெடுத்தார். கை எங்கே வீணாக அசையுதுன்னு கண்டுபிடிக்க. களைப்பைக் குறைக்கத்தான் என்றார். ஆனால் அந்தக் கணக்கு நிர்வாகத்தின் மேசைக்குத்தானே போகும்?

கதைப்படம் இன்னும் சுலபமாக முடித்துவிட்டது. கத்தரி போதும். 'அண்ணாமலை'யில் (1992) பால்காரன் ஒரே பாட்டில் பணக்காரனாகிறான். வருஷக்கணக்கான உழைப்பு சில நிமிஷம். நாமும் விசிலடித்தோம். உழைச்சா உடனே உயரலாம் என்ற நினைப்பை அந்த வேகம் நம் தலையில் ஏற்றுகிறது. பாடுபட்டும் உயராதவன் சோம்பேறி ஆகிவிடுகிறான்.

பெல்ஜியத்தின் ஷாந்தால் அகெர்மான் 1975இல் இதைத் திருப்பிப் போட்டார். 'ழான் தீல்மான்' 201 நிமிடப் படம். ஒரு விதவையின் மூன்று நாள். அவள் உருளைக்கிழங்கு உரிக்கிறாள். கேமரா அசையவில்லை, கத்தரியும் விழவில்லை. பார்க்கிற நமக்கு உட்கார முடியலை, நெளியுறோம். அடுப்படியில் ஒரு பெண் நிற்கிற நேரத்தின் நீளம் அப்போதுதான் உடம்பில் ஏறுகிறது.

அகெர்மானிடமும் இருந்தது கேமராவும் கத்தரியும்தான். ஒரு படம் எதைக் காட்டியது என்பதோடு, கத்தரி விழுந்த இடத்தில் யாருடைய உழைப்பு கீழே விழுந்தது என்றும் பார்த்துச் சொல்லணும். விமர்சகருக்கு வேறென்ன வேலை?