வாக்கிங் ஃபுட்: கனத்த துணிக்கு மேலே ஒரு பல்வரிசை

வடிவமைப்பாளர் கேஃப் ஃபாஸெட்டின் துணிகளில் வெள்ளை நிறம் அபூர்வம். கத்தரிப்பூ நிறத்தின் மேல் ஆரஞ்சு, பக்கத்திலேயே பாசிப்பச்சை, உள்ளங்கையை மறைக்கும் அளவுக்குப் பூக்கள். 1937-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்து லண்டனில் குடியேறிய ஃபாஸெட்டுக்கு, 1988-ல் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் தனிக் கண்காட்சியே நடத்தியது. அவரோடு பிரண்டன் மேப்லியும் பிலிப் ஜேக்கப்ஸும் சேர்ந்து வரையும் துணிகளை ஃப்ரீஸ்பிரிட் நிறுவனம் அச்சிடுகிறது. புதிதாக வந்திருந்த தொகுப்பில் ஐந்து அங்குலச் சதுரங்கள் கொண்ட கட்டு ஒன்றை வாங்கி, கைக்குழந்தைக்கு ஒரு குயில்ட் தைத்தேன். மிஷின் சாதாரண வீட்டு ஜிக்ஜாக் மிஷின். அதில் மாட்டிய வாக்கிங் ஃபுட் எப்படி உழைத்தது என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

முதலில் கணக்கு. இந்தச் சதுரக் கட்டுகளில் பெரும்பாலும் 42 துண்டுகள் இருக்கும். பக்கத்துக்குக் கால் அங்குலம் தையலில் போக, ஒவ்வொன்றும் நாலரை அங்குலமாக நிற்கும். குறுக்கே ஆறு, நெடுக்கே ஏழு என்று கோத்தால் 27-க்கு 31½ அங்குலம். தொட்டில் குழந்தைக்குத் தாராளம். சதுரங்களைத் தரையில் பரப்பி, போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். கண்ணைப் பறிக்கும் நிறங்கள் அடங்கி, எது அடர்த்தி, எது வெளிர் என்பது உடனே தெரிந்துவிடும். சில சதுரங்களில் பூவின் ஓர் இதழ் மட்டுமே வந்திருக்கும். அதை ஒதுக்க வேண்டாம், பக்கத்துத் துண்டோடு சேரும்போது அதற்கும் ஓர் அழகு வருகிறது.

துண்டுகளைக் கோக்கும் வரை வழக்கமான பிரஷர் ஃபுட் போதும். மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி என்று மூன்றையும் சேர்த்துத் தைக்கும்போதுதான் சங்கடம். மிஷினின் பல் அடித்துணியை மட்டும் பிடித்து இழுக்கும். மேலிருந்து அழுத்தும் ஃபுட் வழுவழுப்பான தகடு. அது மேல்துணியைத் தடுத்துக்கொண்டே இருக்கும். அடியில் இருப்பது ஓட, மேலே இருப்பது பின்தங்கி, பஞ்சின் மேல் அலை அலையாகத் திரளும். ஒரே நிறத் துணியில் இது கண்ணில் படாமல் போகலாம். ஊதாவும் மஞ்சளும் மூலைக்கு மூலை சந்திக்கும் இடத்தில் அரைக்கால் அங்குலம் விலகினாலும் பளிச்சென்று தெரியும். பூக்கள் தையலை மறைக்கும், மூலை விலகலை மறைக்காது.

வாக்கிங் ஃபுட்டின் அடியில் தனியாகப் பல் உண்டு. பக்கவாட்டில் நீளும் கவட்டைக் கை ஊசி மாட்டும் திருகின் மேல் உட்காரும். ஊசி மேலே போகும்போது அந்தக் கை உயர்ந்து, மேல்பல் துணியைப் பிடித்துக் கீழ்ப்பல்லோடு சேர்ந்து பின்னுக்கு நகர்த்தும். ஊசி இறங்கும்போது பல் விலகி முன்னுக்கு வந்துவிடும். ஃபாஃப் நிறுவனம் இதே வேலையைச் செய்யும் அமைப்பை 1968-லேயே மிஷினுக்குள் வைத்துவிட்டது. நமக்குத் தனியாக வாங்கி மாட்டுவதுதான் கட்டுப்படியாகும்.

மிச்சத் துணியில் ஒரு சோதனை செய்தேன். கோடு போட்ட இரண்டு பட்டைகளுக்கு நடுவே பஞ்சு வைத்து, ஒரு வரி சாதாரண ஃபுட்டில், ஒரு வரி வாக்கிங் ஃபுட்டில். முதல் வரி முடிந்த இடத்தில் மேல்துணி விரல் அகலம் வழிந்து நின்றது. குறுக்குத் தையல் வந்த இடங்களில் சின்னச் சின்ன மடிப்புகள். இரண்டாவது வரியில் மேலும் கீழும் ஒரே ஓரத்தில் முடிந்தன, கோடுகள் வளையவில்லை. குயில்ட்டிலும் அதே நேர்த்தி. நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, தையல் நீளத்தை மூன்று மில்லிமீட்டராக வைத்து, 90/14 ஊசியில் நிதானமாக ஓட்டினேன். கூடவே வரும் வழிகாட்டிக் கம்பியை முந்தைய தையல் மேல் ஓடவிட்டால் அடுத்த வரி தானாக இணையாக அமைகிறது. கோடு வரையும் வேலையே இல்லை.

குறைகளும் உண்டு. சத்தம் அதிகம், டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும். வேகமாக மிதித்தால் பலன் போய்விடும். ரிவர்ஸில் தைக்கக் கூடாது என்றே பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். அதனால் தொடக்கத்திலும் முடிவிலும் நூலை இழுத்து முடிச்சுப் போட வேண்டும். வளைவுகளை மெதுவாகத் திருப்பலாம், ஆனால் கொடியும் பூவுமாக இஷ்டத்துக்கு ஓட்டும் தையலுக்கு இது ஆகாது. அதிர்வில் திருகு தளரும், அவ்வப்போது ஸ்க்ரூ டிரைவரால் இறுக்குங்கள். இந்த ஃபுட் இருக்கிறதே என்று மூன்று அடுக்கையும் சேஃப்டி பின் போட்டுப் பிடிக்காமல் தைத்தால், அடித்துணியில் சுருக்கம் விழத்தான் செய்யும்.

வாங்கும் முன் உங்கள் மிஷினின் ஷேங்க் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். ஃபுட்டை இறக்கிவைத்து, அதை மாட்டும் திருகிலிருந்து அடித்தட்டு வரை முக்கால் அங்குலத்துக்குள் இருந்தால் லோ ஷேங்க். ஓர் அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால் ஹை ஷேங்க். வீட்டு ஜிக்ஜாக் மிஷின்களில் பெரும்பாலானவை லோ ஷேங்க்தான். கம்பெனிகளில் ஓடும் பவர் மிஷினுக்கு இதை வாங்கிப் பயனில்லை.

சல்வாரும் ரவிக்கையும் மட்டும் தைப்பவருக்கு இது தேவைப்படாது. குயில்ட், மெத்தை உறை, ஜீன்ஸ் துணிப் பை என்று கனத்த வேலை எடுப்பவர்கள், இருக்கும் மிஷினை மாற்றி விலை கூடிய மிஷினுக்குப் போகும் முன் இந்த ஃபுட்டை ஒருமுறை மாட்டிப் பாருங்கள். பலருக்குப் புது மிஷினே வேண்டியிருக்காது.