கரும்பலகையும் கொடிக்கம்பமும்

மருதத் திணைப் பாடலில் எருமை தாமரையை மேய்ந்தால், அது முதலில் எருமையாகவே மேய்கிறது. தலைவனின் ஒழுக்கம் அதன்பின்னரே கற்பவர் நினைவுக்கு வருகிறது. கருப்பொருள் தன் இயல்பில் நின்றுகொண்டே பிறிதொன்றை உணர்த்துவதில்தான் உள்ளுறை உவமத்தின் வலிமை இருக்கிறது. பொருளை மறைத்துவிட்டுக் கருத்தை மட்டும் நீட்டும் குறியீடு விரைவில் சலித்துப்போகும். இது சொற்கலைக்கு மட்டும் உரிய உண்மையன்று. செருமனியின் கொலோன் நகரில், லுட்விக் அருங்காட்சியகத்தில் உள்ள சிற்பமொன்று இதற்குத் தக்க சான்று. அமெரிக்கச் சிற்பி எட்வர்ட் கீன்ஹோல்ஸ் (1927–1994), வியட்நாம் போர் மூண்டெரிந்த 1968-ஆம் ஆண்டில் அதனை அமைத்தார். 'எடுத்துச் செல்லத்தக்க போர் நினைவுச் சின்னம்' என்று அதற்குப் பெயரிட்டார். நினைவுச் சின்னம் என்றாலே பெயராமல் நிலைத்து நிற்பது என்னும் எண்ணத்தைப் பெயரிலேயே அசைத்துவிடுகிறார்.

இச்சிற்பம் கல்லில் செதுக்கியதன்று, வெண்கலத்தில் வார்த்ததுமன்று. வீட்டிலும் தெருவிலும் புழங்கும் பொருள்களைக் கூட்டி, ஓர் அறையளவுக்கு விரித்து வைத்த பல்பொருட் சிற்பம். இடப்புறத்தில், இளைஞரைப் படைக்கு அழைக்கும் 'அங்கிள் சாம்' சுவரொட்டி. அருகே கவிழ்த்த குப்பைத்தொட்டியை உடலாகக் கொண்ட ஒரு பெண்ணுருவம். அதிலிருந்து கேட் சுமித் என்னும் பாடகியின் நாட்டுப்பற்றுப் பாடல் ஒலிக்கிறது. நடுவில் கொடியேற்றும் போர்வீரர்கள். அவர்களுக்குப் பின்னே பெரிய கரும்பலகை. வலப்புறத்தில் சிற்றுண்டிக் கடையும் கோக்கோ கோலா விற்கும் இயந்திரமும்.

கொடியேற்றும் காட்சி கற்பனையன்று. 1945 பிப்ரவரி 23-இல் இவோ ஜீமா தீவில் சோ ரோசந்தால் எடுத்த புகைப்படத்தை உலகறியும். அதனை வெண்கலத்தில் வடித்து, 1954-இல் ஆர்லிங்டனில் நிறுவியவர் பெலிக்ஸ் டி வெல்டன். கோலாலம்பூரில் 1966-இல் திறக்கப்பட்ட தேசிய நினைவுச் சின்னத்தைப் படைத்தவரும் அவரே. ஆதலால், உயர்த்திய கொடியைச் சூழ்ந்து வீரர் திரண்டு நிற்கும் அமைப்பு மலேசிய மாணவர்க்குப் புதிதன்று. கீன்ஹோல்ஸ் அதே அமைப்பை எடுத்துக்கொண்டு, எரிமலை உச்சியில் ஊன்ற வேண்டிய கம்பத்தை வெளிமுற்றத்து உணவு மேசையொன்றில் ஊன்றச் செய்கிறார். வீரர்களுக்குச் சீருடை உண்டு, முகம் இல்லை.

வீரரின் முகத்தைப் பறிப்பது வீரத்தை இழிவுபடுத்துவதாகாதா என்னும் வினா எழுவது இயல்பே. அன்று பலர் சினந்தும் எழுதினர். மகனைப் போரில் இழந்த தாய்க்கு இவ்வெற்றுத் தலைகள் என்ன ஆறுதல் தரும்? அவ்வினாவைத் தள்ளிவிடல் தகாது. ஆயினும் ஒரு செய்தி ஈண்டு நோக்கத்தக்கது. ஆர்லிங்டன் சிலைக்காக டி வெல்டன், புகைப்படத்தில் இருந்து உயிர்தப்பியோர் எனக் கருதப்பட்ட மூவரை நேரில் வரவழைத்து அவர்தம் முகங்களை வடித்தார். அம்மூவருள் இருவர் அப்படத்தில் இருந்தவர் அல்லர் என்று அமெரிக்க மரைன் படையே 2016-இலும் 2019-இலும் ஒப்புக்கொண்டது. வெண்கலம் உறுதியாகச் சொன்ன முகங்கள் பிழைபட்டன. முகமற்ற சீருடைகளோ, அங்கே நின்றவர் எவராகவும் இருக்கலாம் என்பதையே சொல்கின்றன. அதில் இழிவைவிட இரக்கமே மிகுதி.

ஆசிரியர் எவரும் நெடிது நிற்குமிடம் கரும்பலகையே. ஒரு காலத்தில் தனியாட்சி பெற்றிருந்து, பின் மறைந்துபோன ஏறத்தாழ 475 நாடுகளின் பெயர்கள் அதில் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டுள்ளன. கல்லில் பொறித்த பெயர் நிலைபேற்றைக் கோருகிறது. சுண்ணக்கட்டியால் எழுதிய பெயர் துடைப்பத்துணிக்காகக் காத்திருக்கிறது. நாடுகளுக்காக உயிர் கொடுக்கின்றனர். அந்நாடுகளே கரும்பலகை எழுத்தாகின்றன. இக்கருத்தைச் சொல்லச் சிற்பி எதையும் உருமாற்றவில்லை. பலகை பலகையாகவே இருக்கிறது. நாள்தோறும் எழுதி, நாள்தோறும் துடைக்கும் கைகளுக்கு உரை தேவையில்லை.

வலப்புறத்து இயந்திரமும் அத்தகையதே. காசு போட்டால் உண்மையிலேயே பானம் தரும் வகையில் அது அமைக்கப்பட்டது. காண்பவர் குடிக்கலாம், குடித்தால் அவரும் சிற்பத்துக்குள் ஓர் உறுப்பாகிறார். போர் ஒருபுறம் நடக்க, மறுபுறம் தாகம் தணித்துக்கொள்ளும் மக்களை இதைவிட அமைதியாகக் குற்றஞ்சாட்ட இயலாது. இத்தனைக்கும் எதிராக இடப்புறத்துக் குப்பைத்தொட்டிப் பாடகி உரக்கப் பேசிவிடுகிறாள். தொட்டிக்குள் நாட்டுப்பற்றை அடைப்பது ஏளனம். அங்கே பொருள் தன் இயல்பை இழந்து, கருத்துக்கு ஏவலாளாகிறது. படைப்பின் நலிந்த பகுதி அதுவே எனலாம். கடைசி நடுகல்லின் கீழே, எரிந்த கைகளுடன் உள்ள மிகச் சிறிய மனிதவுருவை அவ்வாரவாரத்தில் பலர் காணாமலே போகின்றனர். அணுகுண்டுக் காலத்து மனிதன் அவன்.

பலகையோடு ஒரு பொறிப்பும் உண்டு. வெற்றி நாளின் பெயருக்கு வெற்றிடம், ஆண்டுக்கு '19' மட்டும் பொறித்து, எஞ்சிய ஈரெண்களுக்கு வெற்றிடம், நிரப்பிக்கொள்ளச் சுண்ணக்கட்டி. அடுத்த போருக்கும் அதற்கடுத்த போருக்கும் ஒரே சின்னம் போதும் என்பது அதன் கசப்பான நகை. ஆனால் நூற்றாண்டு கடந்துவிட்டது. 2000-க்குப் பின் நடந்த எப்போருக்கும் அவ்வெற்றிடம் பொருந்தாது. போர்கள் இத்தனை காலம் நீளுமென்று கீன்ஹோல்ஸே எண்ணவில்லை போலும்.