நீலகிரியில் எடுத்த ரத்தம்

அரிவாள் செல் நோய்க்கான மரபுக்கூறு இந்தியாவில் இருப்பதை மருத்துவ உலகம் அறிந்தது நீலகிரியால்தான். 1952-இல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் இம்மலைப் பழங்குடியினரிடம் அதைக் கண்டு எழுதினார்கள். ஆனால் அவர்கள் தேடியது நோயாளிகளை அல்ல, இனங்களின் பூர்வீகத்தை. யார் எவருக்கு உறவு என்று அறிய ரத்தவகையோடு அரிவாள் செல்லையும் ஓர் அளவுகோலாக்கினார்கள். அந்தக் கோணல் இன்றைய பரிசோதனைத் திட்டங்களிலும் முழுதாக நிமிரவில்லை: கண்டறிவதில் இருக்கும் வேகம் கவனிப்பதில் இல்லை.

கால்களை மெல்ல மெல்ல விறைக்கச் செய்யும் ஹெரிடிட்டரி ஸ்பாஸ்டிக் பாராப்லீஜியா போன்ற பரம்பரை நரம்புநோய்களில் ஆய்வு கண்டறிதலோடு நின்றால் பொறுத்துக்கொள்ளலாம். அங்கே 80-க்கும் மேற்பட்ட மரபணு வகைகள் தெரிந்தும், நரம்புச் சிதைவைத் தடுக்கும் மருந்து வரவில்லை. அரிவாள் செல்லுக்கு அந்தச் சாக்கு செல்லாது. இது ஹீமோகுளோபினின் கோளாறு என்று 1949-இலேயே லைனஸ் பாலிங் குழு நிறுவிவிட்டது. வலியைக் குறைக்கும் ஹைட்ராக்ஸியூரியாவை அமெரிக்கா 1998-இல் இந்நோய்க்கு அனுமதித்தது. அது விலை எட்டாத மருந்தும் அல்ல. (2023-இல் அனுமதி பெற்ற மரபணுத் திருத்த சிகிச்சைக்கு 20 லட்சம் டாலருக்கு மேல். நீலகிரியின் பந்தலூரில் உள்ள பாடிகளுக்கு, அதாவது பழங்குடிக் குடியிருப்புகளுக்கு, அது எப்போது வரும் என்று கேட்பதே வீண்.)

2023 ஜூலையில் தொடங்கிய தேசிய ஒழிப்பு இயக்கம் 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைச் சோதிக்கவும், 2047-க்குள் நோயை ஒழிக்கவும் இலக்கு வைத்திருக்கிறது. இதன் பலம் சிறிதல்ல. காரணம் தெரியாத மூட்டுவலி என்று ஆண்டுக்கணக்கில் அலைந்தவருக்கு நோயின் பெயராவது கிடைக்கிறது. ஆனால் சோதிக்கப்பட்டவருக்கு மரபு நிலையைக் காட்டும் அட்டை தருகிறார்கள். திருமணத்துக்கு முன் அட்டைகளை ஒப்பிடலாம் என்பது எதிர்பார்ப்பு. பெற்றோர் இருவருமே மரபுக்கூறு உடையவர்களானால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு. எனவே அத்தகைய இருவரின் திருமணத்தைத் தவிர்த்து நோயைத் தடுப்பதே மலிவு என்பார்கள். கணக்கு சரிதான். ஆனால் தமக்குள்ளேயே மணம் முடிக்கும் சிறிய சமூகத்தில் இந்த விலக்கு வரன்களை இன்னும் சுருக்கும். மரபுக்கூறு மட்டும் இருந்து நோயே இல்லாத பெண்ணும் நோயாளியாகப் பேசப்படுவாள். ஏற்கெனவே பிறந்துவிட்டவருக்கோ அட்டையால் ஒரு மாத்திரையும் கிடைக்காது.

காட்டுப் பகுதியில் தொடர் மருந்தும் ரத்தக் கண்காணிப்பும் நடைமுறைக்கு ஒவ்வாது என்ற வாதம் ஓரளவே உண்மை. கூடலூரில் ஆதிவாசிகளுக்காக 1990-இல் தொடங்கிய மருத்துவமனை, பழங்குடியினரையே சுகாதாரப் பணியாளராக்கிப் பாடிகளோடு தொடர்பை வளர்த்தது. பாதை அங்கேதான் இருக்கிறது. ஆகவே மாவட்டம் வெளியிட வேண்டியது எத்தனை பேரைச் சோதித்தோம் என்பதை அல்ல. எத்தனை நோயாளிகள் ஆண்டு முழுதும் இடைவிடாமல் மாத்திரை பெற்றார்கள், நோயுள்ள எத்தனை குழந்தைகளுக்குத் தொற்றைத் தடுக்கும் பென்சிலின் உரிய காலத்தில் தொடங்கியது என்பதை. குழந்தைகளைத் தனியே கேட்பதற்குக் காரணம் உண்டு: முகாம்களில் செய்யும் எளிய கரைதிறன் சோதனை கைக்குழந்தைகளிடம் நம்பகமானதல்ல. அவர்கள் ரத்தத்தில் கருக்கால ஹீமோகுளோபின் மிகுந்திருப்பதால் அரிவாள் செல் அதில் தப்பிவிடும். நோய் முதலில் கொல்வதோ அந்தச் சிறு வயதினரைத்தான்.